கிரானுலோசா செல் கட்டி: ஐந்து வருடம் தாண்டினால் ஃபைலை மூடிவிடலாமா?

கேள்வி: வைகைக்கரைக்காரன், 4 மார்ச் 2023

என் அக்காவுக்கு 51 வயது. 2017 கடைசியில் இடது சினைப்பையில் கட்டி என்று கர்ப்பப்பை, இரண்டு சினைப்பை எல்லாவற்றையும் எடுத்தார்கள். பயாப்சியில் 'அடல்ட் கிரானுலோசா செல் டியூமர், ஸ்டேஜ் 1ஏ' என்று வந்தது. கீமோ தேவையில்லை என்றார்கள். போன மாதம் காட்டியபோது, "ஐந்து வருடம் முடிந்துவிட்டது, குணமாகிவிட்டது, இனி வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், குலதெய்வம் கோயிலில் பொங்கலும் வைத்தாகிவிட்டது. ஆனால் நெட்டில் இருபது வருடம் கழித்தும் வரும் என்று போட்டிருக்கிறது. ஐந்து வருடம் தாண்டினால் போய்விட்டது என்பது எல்லாப் புற்றுநோய்க்கும் பொது விதிதானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செட்டிநாட்டுக்காரி, 4 மார்ச் 2023, இரவு

இல்லை தம்பி, அப்படி ஒரு பொது விதி கிடையாது. இந்தக் கட்டிக்கு அது பொருந்தவே பொருந்தாது. எனக்கு இதே கட்டி. 2008-ல் எடுத்தார்கள், 2019-ல் திரும்பியது. நடுவில் 2013-ல் எனக்கும் இதே "இனி வரவேண்டாம்" கிடைத்தது. அக்காவைப் பயமுறுத்தாதீர்கள். ஃபைலை மட்டும் மூடாதீர்கள். மீதியை நாளை எழுதுகிறேன், கை வலிக்கிறது.

5 மார்ச் 2023

முதலில் இது என்ன ஜாதிக் கட்டி என்று. சினைப்பைப் புற்றுநோய் என்று பேப்பரில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் அதன் மேலுறையிலிருந்து வருகிற வகை. நம்முடையது முட்டையைச் சுற்றி இருக்கிற, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கிற கிரானுலோசா செல்களிலிருந்து வருவது. எல்லா சினைப்பைப் புற்றுநோயிலும் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்துதான் இது. 1855-லேயே வியன்னா டாக்டர் ரோகிடான்ஸ்கி எழுதி வைத்துவிட்டார். ஆனாலும் ஒரு சாதாரண டாக்டர் தன் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்தால் அதிகம்.

கட்டியே ஈஸ்ட்ரோஜன் சுரப்பதால்தான் முதல் அறிகுறி பெரும்பாலும் ரத்தப்போக்கு. மாதவிடாய் நின்ற பிறகு திரும்ப ஆரம்பிக்கும், இல்லை நிற்கிற வயதில் கண்டபடி போகும். எனக்கு அப்போது 43. "இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்" என்று மாமியார், ஓரகத்தி, பேங்கில் கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரரும் சொன்னார். அதே ஈஸ்ட்ரோஜனால் கருப்பையின் உள்சுவர் தடித்துப்போகும், சிலருக்கு அங்கேயே தனியாக ஒரு புற்றுநோய் வரும். அதனால் கருப்பையை எடுக்காமல் விட்டவர்களுக்கு உள்சுவரைச் சுரண்டிப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். தம்பி, உங்கள் அக்காவுக்கு எடுத்துவிட்டார்கள், அந்தக் கவலை இல்லை.

5 மார்ச் 2023, சாயங்காலம்

எண்கள் கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன், ஆனால் எப்படிப் படிப்பது என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு முதல் நிலையிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். முதல் நிலையில் பத்து வருடம் தாண்டி உயிரோடு இருப்பவர்கள் பெரும்பாலான தொகுப்புகளில் நூற்றுக்கு 85-லிருந்து 95 வரை. நல்ல எண்தான். திரும்ப வருவது, எல்லா நிலைகளையும் சேர்த்து, ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு. அந்தத் திரும்புதலின் நடுக்காலம் நாலிலிருந்து ஆறு வருடம். நடுக்காலம் என்றால் திரும்பியவர்களில் பாதிப் பேருக்கு அதற்கு அப்புறம்தான் வந்தது என்று அர்த்தம்! ஐந்து வருடத்தில் ஃபைலை மூடினால் அந்தப் பாதிப் பேரை யார் பார்ப்பது? இருபது வருடம், முப்பது வருடம் கழித்துத் திரும்பியதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஐந்து வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், நிறையப் புற்றுநோய்கள் திரும்புவதாக இருந்தால் முதல் இரண்டு மூன்று வருடத்திலேயே திரும்பிவிடும். நோய் திரும்பாமல் இருப்பவர்களை வரைபடத்தில் கோடாகப் போட்டால், ஐந்து தாண்டினால் அந்தக் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிடும். நம் கோடு படுப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

ஏதாவது ஒரு ஆய்வில் 'பத்து சதவீதம்தான் திரும்பியது' என்று பார்த்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். அவர்களை எத்தனை வருடம் பின்தொடர்ந்தார்கள் என்று தேடுங்கள். நாலு வருடம் பார்த்துவிட்டு நிறுத்தினால் எட்டாவது வருடம் வருவது கணக்கிலேயே ஏறாது. அப்புறம், செக்கப்புக்கு வருவதை நிறுத்தியவர்கள். அவர்கள் கடைசியாக வந்த நாள் வரைக்கும் 'நோய் இல்லை' என்று எழுதிவிட்டு விட்டுவிடுவார்கள். 2013-க்குப் பிறகு நான் போகவில்லை. ஏதாவது ஒரு தொகுப்பில் நானும் குணமானவளாகத்தான் உட்கார்ந்திருப்பேன்.

6 மார்ச் 2023

"கத்தி பட்டா பரவிடும், எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு" என்று எழுதியவருக்கு: இந்த நோய்க்கு ஆபரேஷன்தான் மருந்து. மற்றதெல்லாம் துணை. கத்தி வேண்டாம் என்று நாட்டு வைத்தியத்துக்குப் போய் வயிறு பெருத்து வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை வாட்ஸப்பில் போடாதீர்கள்.

ஆனால் எப்படி எடுக்கிறார்கள் என்பதில் விஷயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். கட்டி முழுசாக, உறை கிழியாமல் வெளியே வந்தால் 1ஏ. எடுக்கும்போது உடைந்தால் 1சி1. ஆபரேஷனுக்கு முன்பே கிழிந்திருந்தால் 1சி2. வயிற்றுத் தண்ணீரில் புற்றுச்செல் இருந்தால் 1சி3. இப்படிப் பிரித்தது, உலக மகப்பேறு டாக்டர்கள் சங்கமான ஃபிகோவின் 2014 அட்டவணை. அதற்கு முன் எல்லாம் வெறும் 1சி. உடைந்தவர்களுக்குத் திரும்பும் வாய்ப்பு கூடுதல் என்று பல தொகுப்புகள் சொல்கின்றன. என்னுடையது உடைந்தது. 'சாதாரண நீர்க்கட்டி' என்று நினைத்து ஒரு நர்சிங் ஹோமில் சின்னத் துளை போட்டு, உள்ளேயே உறிஞ்சி எடுத்தார்கள். பயாப்சி வந்த பிறகுதான் எல்லோர் முகமும் மாறியது. அப்புறம் இன்னொரு ஊரில் திறந்து மீதியை எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் தாளில் உடைந்தது பற்றி ஒரு வரி கூட இல்லை. ஆபரேஷன் நோட் தனியாகக் கேட்டு வாங்கியதில்தான் தெரிந்தது. எனவே தம்பி, அக்காவின் ஆபரேஷன் நோட்டை வாங்குங்கள், 1ஏ என்பது நிஜமாகவே 1ஏ-வா என்று பாருங்கள்.

6 மார்ச் 2023, ராத்திரி

இதைச் சொல்லும்போது எய்மி ரீட் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவில் மயக்க மருந்து டாக்டர், ஆறு பிள்ளைகளுக்கு அம்மா. 2013-ல் ஃபைப்ராய்டு என்று கருப்பையை மார்செலேட்டர் கருவியால் உள்ளேயே துண்டு துண்டாக்கி எடுத்தார்கள். அதற்குள் லியோமயோசார்கோமா, அதாவது கருப்பைத் தசையில் வருகிற சார்கோமா வகைப் புற்று, இருந்தது யாருக்கும் தெரியாது. வயிறு முழுக்கத் தூவினது மாதிரி ஆகிவிட்டது. அவரும் கணவரும் விடாமல் போராடினார்கள். 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. ஃபைப்ராய்டு என்று ஆபரேஷன் செய்கிற 350 பெண்களில் ஒருவருக்கு வெளியே தெரியாத சார்கோமா இருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. 2017-ல் எய்மி இறந்துவிட்டார், வயது 44.

கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் 2018-ல் ஒரு பெரிய ஆய்வு இதே மாதிரி எல்லோரையும் உலுக்கியது. கருப்பையைச் சுற்றியுள்ள திசுக்களோடு சேர்த்து எடுக்கிற 'ராடிக்கல்' ஆபரேஷனைத் துளை வழியாகச் செய்தவர்களில் நாலரை வருடத்தில் நோயில்லாமல் இருந்தவர்கள் 86 சதவீதம், வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96.5. சின்னத் தழும்பு, சீக்கிரம் வீடு என்று விளம்பரம் செய்த முறைதான் தோற்றது. நம் கட்டிக்கு அப்படி ஒரு ஒப்பீட்டு ஆய்வு நடக்கவில்லை, இத்தனை அரிதான நோய்க்கு நடப்பதும் கஷ்டம். நல்ல கையில் துளை வழி ஆபரேஷனும் நன்றாகவே நடக்கிறது. உடையாமல் பையில் போட்டு எடுப்பார்களா என்று கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

8 மார்ச் 2023

என்ன டெஸ்ட் எடுப்பது என்ற கேள்விக்கு. சிஏ-125 நார்மல் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அது மேலுறை வகைக்கான டெஸ்ட், நமக்கு ஒன்றும் சொல்லாது. நமக்கு இன்ஹிபின் பி, அப்புறம் ஏஎம்எச். கிரானுலோசா செல்களே சுரக்கிற ஹார்மோன்கள் இவை. இன்ஹிபின் இந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் என்று 1989-லேயே நெதர்லாந்துக்காரர்கள் எழுதிவிட்டார்கள். இரண்டு சினைப்பையும் எடுத்துவிட்டவர்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட சைபரில் இருக்க வேண்டும். ஏறினால் எங்கிருந்தோ சுரக்கிறது.

ஏஎம்எச் என்பது குழந்தைப்பேறு மையங்களில் தினமும் எடுக்கிற டெஸ்ட் என்பதால் கிடைப்பது சுலபம். அதில் ஒரு கூத்து உண்டு. ஐம்பத்தேழு வயதில் நரைத்த தலையோடு போய் ஏஎம்எச் எடுக்கணும் என்றால் ரத்தம் எடுக்கிற பெண் ஒரு நிமிடம் பார்ப்பாள். "குழந்தைக்காகவா மேடம்?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். ஆமாம்மா, மூணாவது என்றேன். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் 'முட்டை இருப்பு மிகக் குறைவு, நிபுணரை அணுகவும்' என்று வரும். என் வீட்டில் அந்தத் தாள் வந்தால் பாயசம் வைப்போம்.

இன்ஹிபின் பி எல்லா லேபிலும் கிடையாது, வெளியூருக்கு அனுப்புவார்கள். லேப் மாறினால் முறையும் அளவும் மாறும், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது. ஒரே லேபில் எடுங்கள்.

9 மார்ச் 2023

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மாதா மாதம் எடுக்கப்போகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம் அம்மா. மெதுவாக வளர்கிற கட்டி இது, மாதா மாதம் எடுத்தால் ரிசல்ட் வருகிற வரைக்கும் தூக்கம்தான் போகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, நாள்பட நாள்பட வருடத்துக்கு ஒரு முறை, உங்கள் டாக்டர் சொல்கிற இடைவெளியில் போதும். ஒரே ஒரு எண் லேசாக ஏறினால் உடனே ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். மறுபடி எடுத்துப் பாருங்கள். தொடர்ந்து ஏறினால்தான் அர்த்தம். எண் ஏறி, ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில் நிற்பதும் உண்டு. எனக்கு அந்தக் காலம்தான் ஆபரேஷனை விடக் கஷ்டமாக இருந்தது. வெட்ட ஒன்றுமில்லை, விடவும் முடியவில்லை.

9 மார்ச் 2023, மறுபடி

பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்டவருக்கு: தெரியாது. கசக்கும்.

21 மார்ச் 2023

தம்பி எழுதியதைப் பார்த்தேன். ஆபரேஷன் நோட் கிடைத்து, உடையவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறதாம். நல்லது, அது பெரிய விஷயம். இன்னொரு வேலை: மெழுகு பிளாக். எடுத்த கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். எத்தனை வருடம் வைப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், இடம் போதாமல் தூக்கிப் போட்டுவிடுவதும் உண்டு. எழுதிக் கொடுத்து வாங்கி வையுங்கள்.

எதற்கு என்றால், இந்தக் கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வேறு ஏதோ என்று சொல்வதும், வேறு எதையோ பார்த்து இது என்று சொல்வதும் நடக்கும். செல்லின் உட்கரு நடுவில் கோடு விழுந்து காபிக்கொட்டை மாதிரி இருக்கும் என்பார்கள், ஆனால் எல்லாக் கட்டியும் புத்தகம் படித்துவிட்டு வருவதில்லை. 2009-ல் கனடாவில் வான்கூவர் குழு ஒன்று, ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்தது. பெரியவர்களுக்கு வருகிற வகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு அதே எழுத்து, அதே இடம். சந்தேகம் இருந்தால் அந்த டெஸ்ட் தீர்த்து வைக்கும். பரம்பரையாக வருகிற மாற்றம் இல்லை அது, கட்டிக்குள் மட்டும் நடப்பது. அக்காவின் மகளுக்கு இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

என் 2008 பிளாக் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே பரணில் மட்டும் வைக்காதீர்கள், நம் ஊர் மே மாதத்தில் மெழுகு இளகும். 2019-ல் எடுத்ததையும் அந்தப் பழைய பிளாக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அதே கட்டிதான் என்று உறுதி செய்தார்கள்.

2 ஜூலை 2023

திரும்பினால் என்ன ஆகும் என்று கேட்டு மூன்று மாதமாக ஒரு கேள்வி தொங்குகிறது. எழுதத் தள்ளிப்போட்டேன்.

திரும்பினால் மறுபடி ஆபரேஷன், அதுதான் முதல் பதில். வெளியில் தெரிகிறது எல்லாவற்றையும் எடுக்க முடிந்தால் நல்லது. இங்கேதான் திரும்புவதும் உயிர் போவதும் வேறு வேறு கோடு என்பது புரியும். மற்ற சினைப்பைப் புற்றில் திரும்பினால் இரண்டும் பெரும்பாலும் நெருங்கி வரும். இதில் திரும்பி, எடுத்து, ஏழெட்டு வருடம் நன்றாக இருந்து, மறுபடி திரும்பி, மறுபடி எடுத்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எல்லாம் சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் வயிற்றுக்குள் குடல் ஒட்டிக்கொண்டு வேலை கஷ்டமாகிறது. ரத்தக்குழாய் நிறைந்த கட்டி, ரத்தம் நிறைய போகும். எனக்கு இடுப்புக்குழியில் ஒன்று, வயிற்றுக் கொழுப்புத் திரையில் சின்னச் சின்னதாகச் சில. குடலில் ஒரு துண்டு போனது. நான் பழையபடி சோறு சாப்பிட ரொம்ப நாள் ஆயிற்று. ரசத்தைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

அப்புறம் மருந்து. கீமோ என்றால் பழைய முறை பிஇபி: ப்ளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின். ப்ளியோமைசின் நுரையீரலைப் பிடிக்கும், சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பார்க்கும். அதனால் வயதானவர்களுக்கு கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்த பிறகு கீமோ உயிரை நீட்டுகிறதா என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. என் டாக்டர் இதை மேஜையில் வைத்து, இரண்டு பக்கமும் சொல்லி, என்னை முடிவெடுக்கச் சொன்னார். அந்த மரியாதை எனக்கு 2008-ல் கிடைக்கவில்லை. நான் கீமோ வேண்டாம் என்றேன். லெட்ரோசோல் மாத்திரை எடுக்கிறேன், ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பது. அந்த வகையைச் சேர்ந்த அனாஸ்ட்ரோசோலை வைத்து நடந்த ஆய்வில் கட்டி சுருங்கியவர்கள் மிகக் குறைவு, வளராமல் நின்றவர்கள் நிறைய. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, எலும்பு அடர்த்தி பார்த்துக்கொள்ள வேண்டும். நான் சரியாகத்தான் முடிவெடுத்தேனா என்று இன்னும் நினைப்பேன், முக்கியமாக ராத்திரி மூணு மணிக்கு.

கட்டிக்கு ரத்தக்குழாய் வளராமல் தடுக்கிற பெவாசிசுமாப் மருந்தைச் சேர்த்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். அலியனோர் என்ற ஆய்வில் திரும்பியவர்கள் 60 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு பாக்ளிடாக்சல் மட்டும், மற்றவர்களுக்கு அதோடு இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்த பலன் இல்லை. பல நாடுகளில் தேடி அறுபது பேர் என்பதைக் கவனியுங்கள். நமக்கு ஆதாரம் ஏன் இவ்வளவு மெலிசாக இருக்கிறது என்பதற்கு அதுவே பதில்.

17 நவம்பர் 2023

கருப்பை லியோமயோசார்கோமா முதல் நிலை, ஆபரேஷன் முடிந்தது, இந்த இழையைப் படித்துத் தைரியம் வந்தது என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தைரியம் வந்தது நல்லதுதான். ஆனால் நான் எழுதிய எண்களை உங்களுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. இரண்டும் அரிது, இரண்டிலும் 'முதல் நிலை' என்று எழுதுகிறார்கள், ஒற்றுமை அதோடு சரி. உங்களுடையது முதல் நிலையிலேயே பாதிப் பேருக்கு மேல் திரும்புகிறது, அதுவும் சீக்கிரம், பெரும்பாலும் நுரையீரலில். உங்களுக்கு முதல் இரண்டு மூன்று வருடம்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டிய காலம், மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மார்பு ஸ்கேன் உட்பட. ஆபரேஷனுக்குப் பின் கீமோ கொடுப்பதா வேண்டாமா என்று அமெரிக்காவில் ஒரு ஆய்வு தொடங்கினார்கள், 38 பேர் சேர்ந்ததோடு ஆள் கிடைக்காமல் மூடிவிட்டார்கள். சேர்ந்தவரையில் கீமோவால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. சார்கோமா மட்டுமே பார்க்கிற குழு இருக்கிற பெரிய மையத்தில் ஸ்லைடை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இதைக் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. இருந்தாலும் அழிக்கப்போவதில்லை.

13 ஜனவரி 2024

தம்பியின் அக்காவுக்கு இன்ஹிபின் பி, ஏஎம்எச் இரண்டும் அடிமட்டத்தில். வருடா வருடம் பார்க்க ஒரு டாக்டர் சம்மதித்திருக்கிறார். "இவ்வளவு வருஷம் யாரும் கேட்டதில்லையே" என்றாராம். கேட்க வேண்டியது அவர் வேலை இல்லையா என்று அக்கா திருப்பிக் கேட்டாராம். அக்காவை எனக்குப் பிடித்துவிட்டது.

14 ஜனவரி 2024

பத்தொன்பது வயது மகளுக்கு ஒரு சினைப்பை மட்டும் எடுத்து, மற்றதையும் கர்ப்பப்பையையும் விட்டுவைத்தார்களே, அது சரியா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். 1ஏ என்றால் சரிதான், பிள்ளை பெற வேண்டிய வயதில் அப்படித்தான் செய்வார்கள். நிணநீர்க் கணு எடுக்கவில்லையே என்றும் பயப்பட வேண்டாம், இந்த வகை அங்கே போவது ரொம்ப அரிது.

ஆனால் டெஸ்ட் விஷயத்தில் நான் மேலே எழுதியது அவளுக்குப் பொருந்தாது. மிச்சமிருக்கிற சினைப்பையே இன்ஹிபின், ஏஎம்எச் இரண்டையும் சுரக்கும், மாதவிடாய் நாளைப் பொறுத்து இன்ஹிபின் ஏறி இறங்கும். அவளுக்கு ஸ்கேனும் நேரில் பரிசோதனையும்தான் முக்கியம்.

அதற்கும் முன்னால், ரிப்போர்ட்டில் 'அடல்ட்' என்று இருக்கிறதா 'ஜுவனைல்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன வயதில் ஜுவனைல் வகைதான் அதிகம். அது திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். செர்டோலி-லேடிக் என்று இருந்தால் அது வேறு கட்டி, அதுவும் சீக்கிரம் திரும்புகிற ரகம், டைசர்1 என்ற பரம்பரை மரபணு டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், அப்போது வீட்டில் மற்றப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டி வரும். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். மீதியை அதற்கப்புறம் பேசலாம்.